இடது தொடையைப் பார்க்காத குற்றம்

எனக்குக் கூச்சம் அதிகம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் பட்ட அவமானங்களில் முக்கால்வாசி, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு நின்றதால் வந்தவை. மிச்சக் கால்வாசி, ஒரே ஒருநாள் வாயைத் திறந்ததால் வந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மன்னாரில் கோட்டைக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். என் ஒரே அண்ணா சவிரிமுத்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போய் மெட்ராஸில் மிருக வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். (ஊரில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. "மாட்டுக்கு மருந்து குடுக்கவோ கடல் தாண்டிப் போறது?" என்று கேட்பார்கள்.) அண்ணாவுக்கு ஒரு ஆசை இருந்தது. பம்பாயில் குதிரையைப் படுக்க வைத்து வயிற்றைக் கிழித்துத் தைக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்ததாம். அதைப் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும். அப்பாவின் வலையில் விழுந்த மீனுக்குப் பம்பாய் வரைக்கும் போகிற சக்தி இல்லை.

எங்கள் தெருவில் கத்தரீனா அம்மா என்று வசதியான விதவை ஒருவர் இருந்தார். பிள்ளை இல்லை. வளர்த்த கழுதைகள்தான் பிள்ளைகள். அவர் கண்ணை மூடியபின், அவருடைய சொத்துக் காரியங்களைப் பார்த்த வக்கீல், எங்கள் ஊர்ப் பேச்சில் பிரக்கிராசியார், அவர் எழுதி வைத்த உயிலை, அதாவது மரண சாதனத்தை, வாசித்தார். மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் தூர இடங்களுக்குப் போய்ப் படித்துவர அந்த மனுசி பணம் எழுதி வைத்திருந்தார்! ஆனால் ஒரு நிபந்தனை. போகிற பிள்ளை முதலில் அவருடைய வருத்தக்காரக் கழுதை ஒன்றைப் பார்த்து, நோயைக் கண்டுபிடித்துச் சுகப்படுத்த வேண்டும். பிரக்கிராசியாருக்குத் திருப்தி என்றால் கையெழுத்து. இல்லையென்றால் பம்பாயும் இல்லை.

அண்ணா லீவில் ஊருக்கு வந்தார். கழுதையைப் பார்க்க வேண்டிய அன்று காலை இரவல் கோட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கத்தரீனா அம்மாவின் சமையல்காரி திரேசக்கா ஓடி வந்தார்.

"பிள்ளை றோசா, அந்த நொண்டிக் கழுதை கோட்டைப் பக்கம் மேயப் போயிட்டுது. எனக்கு அடுப்பிலை வேலை. ஓடிப்போய்ப் பிடிச்சுக்கொண்டு வா. இடது தொடையிலை சிலுவைக்குறி சுட்டிருக்கு. பாத்துப் பிடி, என்ன!"

நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது.)

கோட்டைப் பக்கம் போனால், சாம்பல் நிறத்தில் ஒரு கழுதை நிற்கிறது. அதன் வலது தொடை என் பக்கம். இடது தொடை, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாலு ஆம்பிளையள் பக்கம். அந்தக் குறியைப் பார்ப்பதென்றால் அவர்களுக்கு முன்னால் போய், குனிந்து, கழுதையின் பின்பக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். குமர்ப்பிள்ளை செய்கிற வேலையா அது? வலது பக்கத்தில் நின்றபடியே கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் அது நொண்டவே இல்லை. நடக்க நடக்கச் சுகமாகிவிட்டதாக்கும் என்று சந்தோசப்பட்டேன்.

கத்தரீனா அம்மாவின் வீட்டு வளவில் தெருச் சனம் முழுக்கக் கூடியிருந்தது. பிரக்கிராசியார் வெள்ளைக் கோட்டோடு கதிரையில், முன்னால் மேசை, கடதாசி, மைக்கூடு. அண்ணா கழுதையின் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டு முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். தட்டினார். மற்றக் காலைத் தூக்கினார். நடத்திப் பார்த்தார். கழுதை கலியாண மாப்பிள்ளை மாதிரி நடந்தது.

"ஆண்டவரே! தம்பி கை வைச்ச உடனை சுகம்!" என்று திரேசக்கா அடுப்படி வாசலில் நின்றபடியே கும்பிட்டார். "நேத்து வரைக்கும் நொண்டினது!"

சனம் கைதட்டியது. பிரக்கிராசியார் பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, பொறுங்கோ," என்றார் அண்ணா. "நான் ஒண்டும் செய்யேல்லை. இந்தக் கழுதைக்கு வருத்தமே இல்லை."

"அப்ப கத்தரீனா அம்மாவின்ரை ஆக்கள் பொய் சொல்லுகினமோ?"

"அது எனக்குத் தெரியாது ஐயா. நாலு காலும் சுகம்."

"வருத்தத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாட்டி அப்பிடிச் சொல்லும் தம்பி!" பிரக்கிராசியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கழுதை திரும்பியது. முதல் தடவையாக அதன் இடது தொடையைக் கண்டேன். சிலுவை இல்லை. இரண்டு வட்டம்! எவனோ ஒருவனுடைய கழுதை!

சொல்ல வேண்டும். அத்தனை ஆம்பிளையளுக்கும் முன்னால். மெல்லமாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பழகாத வாய்க்கு அளவு தெரியுமா?

"அது வேறை கழுதை!"

மடுமாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். கழுதை வெருண்டு பின்னங்காலால் மேசையை உதைத்தது. மைக்கூடு பறந்து பிரக்கிராசியாரின் நெஞ்சில் கவிழ்ந்தது. கழுதை வாசற் படலையைத் தாண்டிப் பறந்தது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த அண்ணாவும் கூடவே பறந்தார். கடைசியாக நாங்கள் கண்டது இரவல் கோட்டின் வாலை.

"பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று அப்பா கத்தினார். கழுதையையா மகனையா என்று அவர் சொல்லவில்லை.

கடலில் இடுப்பளவு தண்ணீரில்தான் இரண்டு பேரும் நின்றார்களாம். அண்ணா சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது, திரேசக்கா சரியான கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பாவம், அது மூன்று காலில் நின்றது. அண்ணா குளம்பைத் தூக்கி, கத்தி முனையால் கிண்டி, உள்ளே ஏறியிருந்த சிப்பி ஓட்டுத் துண்டை எடுத்தார். மருந்து வைத்துக் கட்டினார். கழுதை காலை ஊன்றிப் பார்த்தது, இன்னும் ஒருக்கால் ஊன்றியது, பிறகு நேரே கஞ்சிச் சட்டிக்குப் போய்விட்டது.

பிரக்கிராசியார் சிரித்தார். "வேறை ஆள் எண்டால் அந்தச் சுகமான கழுதைக்கும் ஒரு வருத்தம் சொல்லி மருந்து கட்டியிருப்பான். நீர் போய்ட்டு வாரும்!" மைக்கூட்டில் மை மிச்சம் இல்லாததால் பேனாவைத் தன் கோட்டிலேயே தொட்டுக் கையெழுத்துப் போட்டார். (நம்பாவிட்டால் விடுங்கள். நான் நேரில் பார்த்தவள்.)

அண்ணா பம்பாய்க்குப் போனார். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில், "இங்கை ஒவ்வொரு குதிரையின்ரை கழுத்திலையும் பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கினம். எங்கடை றோசாவைப் போல ஆக்கள் இங்கையும் இருக்கினமாக்கும்" என்று எழுதியிருந்தார். அப்பா அதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டினார்.

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளையை ஒளித்துநின்று பார்த்துத் தலையாட்டினேன். கதையை அவருக்கு அண்ணாதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் சண்டை வந்தால் போதும், "உன்ரை அண்ணர் சரியான ஆளைத்தானே எனக்குக் கட்டித் தந்தவர்? ஆள் மாறிப் போகேல்லைத்தானே?" என்பார்.

பல வருடம் பொறுத்தேன். ஒருநாள் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்:

"அண்டைக்குப் பாராமல் கழுதையைப் பிடிச்சதும் நான்தான். உங்களுக்குத் தலையாட்டினதும் நான்தான். யோசிச்சுக்கொள்ளுங்கோ."

இப்போது என் பிள்ளைகள் ஆரம்பக் கதையை விட்டுவிட்டு, இதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்கள்.