மாமாவின் ஓட்டோ காரும் என் இடது காலும்

கார் ஓட்டுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. கியர் போட்டு ஓட்டுகிறவன், கியர் போடாமல் ஓட்டுகிறவனைச் சாரதி என்றே ஏற்றுக்கொள்ள மாட்டான். கியர் போடாமல் ஓட்டுகிறவனுக்கு இப்படியொரு வழக்கு நடப்பதே தெரியாது. அவன் ஏசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பான்.

நான் முதல் கட்சி. கட்சி என்றால் சும்மா உறுப்பினர் இல்லை, தலைவர், செயலாளர், கொடி பிடிக்கிறவன் எல்லாம் நானேதான்.

யுத்தம் முடிந்து ரோட்டெல்லாம் தார்க் காபட் போட்டுப் பளபளத்த காலம் அது. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத்தையும் பீட்ரூட்டையும் எங்கள் சின்ன லொறியில் ஏற்றி தம்புள்ளைக்குக் கொண்டுபோவது என் தொழில். லொறி பழசு. இரண்டாம் கியரில் இருந்து மூன்றுக்கு மாற்றுவதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் உலகத்திலேயே எனக்கும் வாப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வாப்பாவுக்கும் சரியாகத் தெரியாது என்பது என் அந்தரங்க அபிப்பிராயம்.)

அந்த வருஷம்தான் ஜப்பானில் இருந்து கியர் போடத் தேவையில்லாத ஓட்டோ கார்கள் மழைக்கு ஈசல் மாதிரி வந்து இறங்கின. மதுரங்குளியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த என் வருங்கால மாமனாரும் ஒன்று வாங்கினார். வெள்ளைக் கார். நிற்கும்போது ஸ்டார்ட்டில் இருக்கிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்டாலும் தெரியாது.

கலியாணம் பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. பெண் நஸீஹா. பெரியவர்கள் அனுமதியோடு கிழமைக்கு ஒருமுறை போனில் கதைப்போம். அப்படிக் கதைத்த ஒருநாள் புதுக் காரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஓட்டோ கார் எல்லாம் பொம்புளைகளுக்கும் வயசாளிகளுக்கும்தான். அது ஓட்டுறல்ல, கதிரையில குந்திட்டுப் போறது" என்றேன்.



"அப்பிடியா?" என்றாள் நஸீஹா. அவ்வளவுதான். என் புலமையைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

முக்கால்வாசி என்று சொன்னேன் அல்லவா, மிச்சக் கால்வாசி கற்பிட்டியில் இருந்தது. மாமாவின் மூத்த சகோதரர், நான் பெரிய மாமா என்று கூப்பிடவேண்டியவர். அந்தக் குடும்பத்தில் அவர் மாப்பிள்ளையை நேரில் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பார்கள். எனக்கு முன்னால் நஸீஹாவுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகள் அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டியதில்லை. ஒருவன் அதிகம் கதைத்தானாம். மற்றவன் கதைக்கவேயில்லையாம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் அந்தக் கிழவரின் பெயரைக் கேட்டாலே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

போகவேண்டிய நாளில் மாமாவால் கார் ஓட்ட முடியவில்லை. கண்ணில் வெள்ளை எடுக்கிற ஒப்பரேஷன் செய்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"மருமகன், ஓட்டோ ஓட்டிப் பழக்கம் இரிக்கா?"

"லொறியே ஓட்டுறன் மாமா. இது என்ன பெரிய விஷயம்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்கு லைசன்ஸும் இருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மாமா முன்னுக்கு, மாமி பின்னுக்கு. மாமியின் மடியில் ஒரு சட்டி நிறைய, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். பெரிய மாமாவின் மனதுக்கு நேர்வழி வட்டிலப்பம்தான் என்பது குடும்ப ரகசியம். பிஸ்மி சொல்லி, கியர் நெம்பைப் பார்த்து 'டீ'யில் வைத்தேன். கார் தானாக நகர்ந்தது. 'இவ்வளவுதானா?' என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கேட்டைத் தாண்டி ரோட்டில் வேகம் எடுத்ததும் என் இடது கை கியரைத் தேடியது. இடது கால் கிளச்சைத் தேடியது. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்று கை வெறுங்கையோடு திரும்பிவிட்டது. கால் அப்படி இல்லை, அதற்கு ஒன்று கிடைத்தது. நல்ல அகலமான பிரேக்.

லொறியின் கிளச்சை மிதிக்கிற பலத்தோடு மிதித்தேன். கார் நட்டுவைத்த தூண் மாதிரி நின்றது. மாமா கும்பிடு போடுகிறவர் மாதிரி முன்னால் வந்து திரும்பிப் போனார்.

"நாய் ஒண்டு குறுக்கால வந்திச்சு மாமா" என்றேன்.

"என்ட கண்ணுக்குத் தெரியல்ல" என்றார், கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் ரோட்டைப் பார்த்தபடி. (பாவம், தன் புதுக் கண்ணில்தான் பிழை என்று நினைத்திருப்பார்.)

பாலாவிச் சந்தியில் இரண்டாவது நாய் வந்தது. கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்ப வேகத்தைக் குறைக்கும்போது கால் மறுபடியும் தன் புத்தியைக் காட்டியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அமத்திக்கொண்டே சிங்களத்திலும் தமிழிலும் என் பரம்பரையை விசாரித்தான். மாமி ஸலவாத்து ஓதத் தொடங்கினார். நான் வியர்த்துப் போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஒருவன். என் இடது காலுக்கு அந்தக் கதையே தெரியாது. ஒரு வேலையும் இல்லாத இடத்தில் அதற்குச் சும்மா இருக்க முடியவில்லை.

இப்போது யோசித்தால் அது காலின் குணம் மட்டும் இல்லை. எனக்கே அப்போது அந்தக் குணம்தான். எதிலும் நான் ஒரு கை போடாவிட்டால், ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், உலகம் பாதி வழியில் நின்றுவிடும் என்று நம்பினேன்.

உப்பளங்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்கு அந்த நேரத்துக் காபட் ரோட்டுச் சூடு ரொம்பப் பிடிக்கும். ஐந்தாறு கழுதைகள், அரசாங்கம் தங்களுக்காகத்தான் ரோட்டுப் போட்டது என்ற நினைப்பில், நடுவில் நின்றன. தூரத்திலேயே கண்டேன். மெதுவாகப் பிரேக் பிடித்திருந்தால் போதும். ஆனால் லொறியில் இப்படி நேரத்தில் இரண்டு காலையும் சேர்த்துத்தான் மிதிப்பேன், ஒன்று கிளச்சுக்கு, ஒன்று பிரேக்குக்கு. இங்கே இரண்டும் ஒன்றாகப் பிரேக்கிலேயே போய் இறங்கின.

கார் நின்றது. வட்டிலப்பம் நிற்கவில்லை.

என் கழுத்தில் குளிர்ச்சியாக ஏதோ வந்து விழுந்தது. டேஷ்போர்டில் ஒரு துண்டு. மாமாவின் வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு துண்டு, முந்திரிப் பருப்போடு. மாமாவின் நெற்றி முன்னால் இடித்து, கறுப்புக் கண்ணாடி கழன்று காலடியில் கிடந்தது. கழுதைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட அவசரம் இல்லை.

"அல்லாஹ்வே, கண்ணு!" என்று மாமி கத்தினார்.

அந்தக் கத்தலில் எனக்கு உசிர் போய்விட்டது. கண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கலியாணம் இருக்கட்டும், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? மாமா இரண்டு கண்ணையும் மூடித் திறந்தார். கழுதைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியிது" என்றார். "இந்த முற நாய் இல்ல."

மாமி சட்டியோடு இறங்கிவிட்டார். "இவரு ஓட்டினா நான் ஏறமாட்டன். நஸீஹா வரட்டும்."

"நஸீஹாவா?" என்றேன் நான்.

"அவள் லைசன் எடுத்து ரெண்டு வருஷம்" என்றார் மாமி. "உங்களுக்குச் சொல்லல்லயா?"

போனில் கேட்ட அந்த "அப்பிடியா?" என் காதில் இப்போதுதான் வந்து சேர்ந்தது.

மாமாவுக்குக் கவலை வேறு. பொம்பிளைப் பிள்ளை கார் ஓட்டுவது பெரிய மாமாவுக்குப் பிடிக்காது என்று பயந்து, அவர் அதை அண்ணனிடம் இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்தார். ஆனால் வேறு வழி இல்லை. பெரிய மாமா காத்திருக்கிறார், மாமாவுக்குக் கண் சரியில்லை, எனக்குக் கால் சரியில்லை.

மாமி போன் எடுத்து அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டு த்ரீவீலில் நஸீஹா வந்து இறங்கினாள். காரைப் பார்த்தாள், தன் வாப்பாவின் தோளைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு துணியை எடுத்து டேஷ்போர்டைத் துடைத்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில், மாமிக்குப் பக்கத்தில். மாமி மிச்சமிருந்த வட்டிலப்பத்தை விரலால் சமப்படுத்தி, சட்டியை என் மடியில் வைத்தார்.

அவள் ஓட்டினாள். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கழுதைகளுக்குப் பக்கத்தால் மெதுவாகப் போய், பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல். நான் கியர் மாற்றும்போது லொறியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ஏனோ, நிம்மதியாக இருந்தது.

வழியில் மாமா தன் அண்ணனுக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு செய்தார். "எங்கட நானா கேட்டா, மருமகனுக்குக் கை சுளுக்கு எண்டு சொல்லுவம். அதுதான் புள்ள ஓட்ட வேண்டி வந்த."

நான் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து ஒத்திகை பார்த்தேன்.

பெரிய மாமா கேட்டிலேயே நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். காரைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் தம்பியின் மகள், பின்னால் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை. நாங்கள் சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் மாப்பிள்ளையா? ஏன் பின்னுக்கு?"

மாமா தொண்டையைக் கனைத்தார். கை சுளுக்கு என்று சொல்லவேண்டிய நேரம். ஆனால் நஸீஹா கார்ச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை சுளுக்கு என்று சொன்னால் அவள் இன்றைக்கு மட்டும் தவறி ஓட்டிய பிள்ளை ஆகிவிடுவாள். இனிமேலும் மறைத்துத்தான் ஓட்டவேண்டும். என் மானத்தைக் காப்பாற்ற அவளுடைய சாவியைப் பறிப்பதா?

"கை நல்லா இரிக்கி பெரிய மாமா" என்றேன். யாரும் கையைப் பற்றிக் கேட்காததால் அவர் விழித்தார். "கால்தான் பிழை. எனக்கு இந்தக் காரு ஓட்டத் தெரியா. தெரியும் எண்டு சொல்லி மாமாட கண்ணையும் ஒடைக்கப் பாத்தன். இவங்கதான் எங்கள உசிரோட கொண்டு வந்த. நல்லா ஓட்டுறாங்க."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மாப்பிள்ளையும் போனான் என்று நினைத்திருப்பார்.

பெரிய மாமா நஸீஹாவைப் பார்த்தார். "எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருஷம், பெரியப்பா."

"ம்." என்னிடம் திரும்பினார். "கலியாணம் முடிச்சா இவள ஓட்ட உடுவீங்களா?"

எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், நான் அவ்வளவு பெரிய தியாகி இல்லை.

"உடுறதுக்கு நான் ஆரு பெரிய மாமா? நான் ஓட்டாம உட்டாப் போதும்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் மடியில் இருந்து கைக்கு வந்திருந்த சட்டியை எட்டிப் பார்த்தார். மாமியின் விரல் தடம் அதில் அப்படியே இருந்தது.

"உள்ளுக்கு வாங்க" என்றார். "எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இந்த ஊர்ல ஒழுங்கா ஓட்டுற ஒரு ஆளும் இல்ல. வீட்டுலேயே ஒராள வெச்சிக்கிட்டு மறைச்சிரிக்கானே இந்த மடையன்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று.

இன்றும் நான் லொறிதான் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குவதைக் காலால் உணர்ந்து கியரைக் குறைக்கிற சுகம் எனக்கு வேண்டும். நஸீஹாவுக்கு அது விளங்காது. "எனக்கு வண்டி ஓட்டுறதுல ஆச இல்ல. போற இடத்துக்குப் போறதுலதான் ஆச" என்பாள். யார் சொல்வது சரி என்று நான் இப்போதெல்லாம் வழக்கு நடத்துவதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறோம்.

ஆனால் கற்பிட்டிக்குப் போகும்போது சட்டம் ஒன்றுதான். அவள் ஸ்டியரிங்கில், நான் பின் சீட்டில். மாமி வட்டிலப்பச் சட்டியைக் கொண்டுவந்து, "மருமகன்ட மடியில வைங்க, ஸ்டியரிங் தவிர மத்த எல்லாத்தையும் பத்திரமாப் புடிப்பாரு" என்பார். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் முதல்முறை மாதிரிச் சிரிக்கும். பெரிய மாமா இப்போதும் கேட்டில்தான் நிற்பார். காருக்குள் குனிந்து, ஸ்டியரிங்கில் யார் என்று பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் ஸலாமுக்குப் பதில் சொல்லுவார்.