திண்டிவனம் போக ரெண்டு செவ்வரளி

அன்னைக்கு வீட்ல எனக்குக் கொடுத்த வேலை, தெருமுனைப் பூக்காரம்மாகிட்ட போய் ஒரே ஒரு செவ்வரளிப் பூ வாங்கிட்டு வர்றது.

ஒரு பூ. அதுலயே சொதப்பினவன் எப்படி டிகிரி வாங்கினான்னு மட்டும் கேக்காதீங்க.

எண்பதுகள்ல நடந்தது இது. விழுப்புரத்துல பி.ஏ. வரலாறு முதல் வருஷம் முடிச்சிருந்தேன். ரெண்டாம் வருஷத்துக்குத் திண்டிவனத்துல இருக்கற காலேஜுக்கு மாறியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

வீட்ல சொன்ன காரணம்: "அங்க லைப்ரரி பெருசு."

நிஜமான காரணம், எங்க அப்பாவோட சைக்கிள் கடை. அது விழுப்புரம் காலேஜ் கேட்டுக்கு நேர் எதிர்ல இருந்துச்சு. கட் அடிச்சிட்டு மேட்னி ஷோ போகணும்னா அப்பா மூஞ்சி முன்னாடிதான் போகணும். சுவர் ஏறிக் குதிச்சுப் போனாலும், பஞ்சர் ஒட்ட வர்ற பசங்க போட்டுக் கொடுத்துடுவானுங்க.

அது போதாதுன்னு எங்க வரலாறு வாத்தியார் தனபால் சார் தினமும் காலைல அங்கதான் சைக்கிளுக்குக் காத்தடிப்பார். அவர் டயர்ல காத்து ஏற ஏற, அப்பா காதுல என்னைப் பத்தின ரிப்போர்ட் ஏறும்.

திண்டிவனத்துலயும் சைக்கிள் கடை இருக்கும். ஆனா அதுல எங்க அப்பா இருக்க மாட்டார். எனக்கு அது போதும்.

அங்க படிச்ச சிநேகிதன் செல்வம் இன்லேண்ட் லெட்டர் போட்டிருந்தான். "மாப்ள, ஒரு சீட்டு காலியா இருக்கு. ஜல்தியா ஃபாரம் போடு. என் ரூம்லயே தங்கிக்கலாம்."

ஃபாரத்துல அப்பா கையெழுத்து வேணும். அவர் ஒரு வாரமா அந்த ஃபாரத்தைக் கடைக்கு எடுத்துட்டுப் போறதும், வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுமா இருந்தார். கையெழுத்து மட்டும் விழலை.

"லைப்ரரி பெருசுன்ற. நான் படிக்காதவன். வேணாம்னு தடுத்து, நாளைக்கு உன் படிப்பு கெட்டுப்போச்சுன்னா என்னா பண்றது?"ன்னார்.

அவர் அப்படிச் சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் குத்துச்சு. கொஞ்சம்தான்.

அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "அங்க போயி எவன் ரூம்ல எதைத் தின்னுகினு கெடப்பான்? வேணாங்க."

கடைசியில அப்பா தீர்ப்பு சொன்னார். "நாளைக்குப் பிள்ளையார்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம். வெள்ளை வந்தா இங்கயே இருக்கட்டும். செவப்பு வந்தா திண்டிவனம். அப்புறம் யாரும் பேசக் கூடாது."

ரெண்டு பூவையும் தனித்தனியா தாள்ல மடிச்சு, நூல் கட்டி, சாமி முன்னாடி வெச்சு ஒன்னை எடுக்கறது. எது வருதோ அது சாமியோட பதில்.

"வெள்ளைக்கு நம்ம கொல்லையிலயே நந்தியாவட்டை இருக்கு. செவப்பு மட்டும் ஒன்னு வாங்கிக்கினு வா"ன்னாங்க அம்மா.

என் எதிர்காலத்தை இப்படிப் பாதிக்குப் பாதி விட்டுட முடியுமா? விடிஞ்சதும் போய் ரெண்டு செவ்வரளி கேட்டேன்.

பூக்காரம்மா நிமிர்ந்து பாத்தாங்க. "பூ கட்டிப் பாக்கத்தான? உங்கம்மா நேத்தே சொன்னாங்களே. ஒன்னு போதுமே, எதுக்கு ரெண்டு?"

"ஒன்னு வாடிட்டா?"

"தெருமுனையிலிருந்து வீட்டுக்குப் போறதுக்குள்ளயா வாடும்?"

ஆனாலும் கொடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்து வரலாறு நோட்டுல ரெண்டு தாள் கிழிச்சேன். அந்த நோட்டை நான் உபயோகப்படுத்தினது அன்னைக்குத்தான். ரெண்டுலயும் செவ்வரளியை வெச்சு, அளவெடுத்த மாதிரி மடிச்சு, நூல் சுத்தி, தேங்காய்த் தட்டுல வெச்சிட்டுக் குளிக்கப் போனேன். குளிக்கும்போது பாட்டெல்லாம் பாடினேன்.

கோயிலுக்கு அம்மாதான் தட்டை எடுத்துக்கினு வந்தாங்க. பொட்டலம் ரெண்டையும் பூசாரி பிள்ளையார் காலடியில வெச்சு, கற்பூரம் காட்டினார்.

"யாரு எடுக்கறது?"ன்னு கேட்டார்.

சரியா அந்த நேரம் பாத்து சைக்கிளை நிறுத்திட்டு உள்ள வந்தார் தனபால் சார். அப்பாவுக்கு மூஞ்சி மலர்ந்துடுச்சு. "சார், சாமி அனுப்பின மாதிரி வந்தீங்க. நீங்களே எடுங்க"ன்னு விஷயத்தைச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. என்னைப் போட்டுக் கொடுத்த அதே கையால என்னைத் திண்டிவனம் அனுப்பப் போறார்.

சார் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிச்சார்.

வெள்ளை.

நந்தியாவட்டை. நான் தொடவே தொடாத நந்தியாவட்டை. ஒரு நிமிஷம், பிள்ளையார் நிஜமாவே வேலையைக் காட்டிட்டார்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

வெள்ளைதான் வந்துடுச்சே, அதோட விட்டிருக்கலாம். ஆனா சார் வரலாற்று ஆளாச்சே. "இன்னொன்னையும் பாத்துடுவோம், ஆதாரம் முக்கியம்"னு அதையும் பிரிச்சார்.

அதுவும் வெள்ளை.

பூசாரி என்னைப் பாத்தார். சார் என்னைப் பாத்தார். அப்பா மெதுவா கேட்டார், "நீதானடா கட்டின?"

"ஆமாம்பா."

வேற என்ன சொல்றது? ரெண்டுலயும் செவப்பு வெச்சவன், வெள்ளை எப்படி வந்துச்சுன்னு யாரைப் போய்க் கேக்கறது?

சார்தான் முதல்ல வாயைத் திறந்தார். "புரியலைங்களா? பையனுக்கு இங்கயிருந்து போக மனசே இல்லை. கேட்டுட்டமேன்னு மாத்திச் சொல்ல வெக்கம். அதான் ரெண்டுலயும் வெள்ளையை வெச்சிக்கினு வந்திருக்கான்."

அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சார். எங்க அப்பா அழுது நான் பாத்ததே இல்லை.

"இதை வாயால சொல்றதுக்கு என்னாடா? எனக்கு மட்டும் உன்னை அனுப்பிட்டு இருக்க முடியுமா?"ன்னு என் தலையைத் தடவிக் கொடுத்தார். சட்டைப் பையில இருந்த ஃபாரத்தை அங்கயே நாலாக் கிழிச்சுப் போட்டார். அவ்ளோதான் திண்டிவனம்.

அதோட விட்டாரா? "காலேஜ் தொறந்ததும், தெனம் சாயங்காலம் நேரா கடைக்கு வந்துடு. உனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெக்கறேன்"னார்.

தனபால் சார், "நல்ல ஏற்பாடு"ன்னார்.

அவங்க ரெண்டு பேரும் முன்னால போக, நான் அம்மா பக்கத்துல போய்க் காதோட காதா கேட்டேன். "எப்போ மாத்தின?"

"நீ குளிச்சிக்கினே பாடிக்கினு இருந்த இல்ல, அப்போதான். பூக்காரம்மா வாசல்ல வந்து சொன்னாங்க, உம் புள்ள ரெண்டு செவப்பு வாங்கிக்கினு போறான்னு."

"சரிம்மா, நான் பண்ணது தப்புதான். ஒன்னை மட்டும் வெள்ளையா மாத்தியிருந்தா நியாயமா இருந்திருக்குமில்ல?"

"ஒன்னை மட்டும் மாத்தி, செவப்பு வந்துட்டா?"

மூணு வருஷமும் விழுப்புரத்துலயே படிச்சு முடிச்சேன். பிள்ளையார் அன்னைக்கு என்ன சொல்லலாம்னு இருந்தாரோ, அதைத்தான் கடைசி வரைக்கும் யாருமே கேக்கலை.