சம்பந்தி வைத்த துரைமார் விருந்து

பினாங்கு, 14-3-1932

புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனில் பச்சைக்கொடி பிடித்து ஊரையே அனுப்பி வைக்கும் எங்கள் மச்சான் வைரவன் அவர்களின் திருமுன்னுக்கு, மைத்துனன் அர்ஜுனன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் நல்லம்மாளும் தனலெட்சுமியும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே காண்க. அவ்விடம் தாங்களும் மீனாட்சி அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறோம்.

மச்சான், தனலெட்சுமிக்குப் பேசிவந்த பாலிக் புலாவ் வரன் விஷயம். பையன் வேலு தபால் ஆபீசில் வேலை, தகப்பனார் ஜாதிக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்று தரகர் உங்களிடமும் சொன்னாரல்லவா. தகப்பனாரை நம்மில் யாரும் பார்த்ததில்லை. பெண்ணைக் கேட்குமுன் பெண்ணின் அப்பாவோடு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டல் வாசலுக்கு வாருங்கள் என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார். எந்த ஹோட்டல் என்கிறீர்கள்? துரைமார் மோட்டார் காரில் வந்து இறங்குகிற ஹோட்டல். அந்தப் பக்கம் போகிற ரிக்‌ஷாக்காரர்கள்கூட அதன் விளக்குகளைப் பார்ப்பதற்காக ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரரின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன். அது என் கையை மார்புக்கு மேலே உயரவிடவில்லை. சட்டைப் பையில் பேனா, கையில் ஜாதகக் காகிதம், வாயில் முருகன் பெயர், இப்படியாகப் போய் வாசலில் நின்றேன்.

படியிறங்கி வந்தார் மச்சான் ஒரு மனிதர். தும்பைப்பூப் போன்ற கோட்டு, காலில் பளபளக்கிற சப்பாத்து, நம் தமிழ் முகம். "வாங்கய்யா, வாங்க. பத்திரிகை விஷயமா வரவேண்டியவங்க நீங்கதானே? உங்களுக்காகத்தான் நின்னுக்கிட்டு இருக்கேன்" என்றார். கல்யாணப் பத்திரிகை வரைக்கும் மனதில் தீர்மானித்துவிட்டுத்தான் வாசலில் நிற்கிறாரே என்று உருகிப்போனேன். ஆமாங்க, ஆமாங்க என்று இரண்டு தரம் சொன்னேன். உள்ளே நடக்கும்போது நம்ம ஹோட்டல், நம்ம ஹோட்டல் என்றே பேசிக்கொண்டு வந்தார். தோட்டத்துக் கிராணி என்று சொன்ன தரகர், இந்த ஹோட்டலே அவருடையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று வியந்துகொண்டே பின்னால் நடந்தேன்.

அந்தக் கூடத்தை எப்படி எழுதுவேன். மேலே கண்ணாடித் தோரணங்களில் விளக்குகள், ஒவ்வொன்றும் இன்னொன்றுக்குள் தெரிந்து, எது விளக்கு எது நிழல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல், அதில் நின்ற கப்பல்களின் வெளிச்சமும் இவர்கள் ஏற்பாடு செய்தது போலவே இருந்தது. ஒரு மூலையில் பிடில் வாசித்தார்கள், அது சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்குக் குறுக்கே வராமல் பக்கத்திலேயே நடந்து வந்தது. மேசையில் எனக்கு முன்னால் துணியில் ஒரு தாமரை செய்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனம் வராமல் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அவரே உதறி என் மடியில் விரித்தார். சம்பந்தி கையால் துண்டு விரித்து உட்கார்ந்த பெண் வீட்டுக்காரன் நம் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

முதலில் வந்த சூப்பு எவ்வளவு தெளிவு என்றால், தட்டின் அடியில் எழுதியிருந்த நீலப்பூ அதன் வழியாகத் தெரிந்தது. ஆனால் வாயில் வைத்தால் அதற்குள் ஒரு சமையல்கட்டே இருந்தது. கோட்டு கையைத் தூக்கவிடாததால் கரண்டி வரும் தூரத்துக்குத் தலையைத் தாழ்த்தி ஒவ்வொரு வாயும் குடித்தேன். வணக்கத்தோடு சாப்பிடுறீங்க என்று அவர் மெச்சினார். பிறகு வெள்ளி மூடியைத் தூக்கினால் மீன், முழு மீன், தலையும் வாலும் அப்படியே. முள் மட்டும் இல்லை. எங்கே போயிற்று, யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு தையல்கூடத் தெரியவில்லை. எந்தக் கத்தியை எப்போது எடுப்பது என்று தெரியாமல், பக்கத்து மேசைத் துரைசானியைப் பார்த்துச் செய்வதென்று முடிவு செய்தேன். அவள் சின்னக் கத்தியை எடுத்தாள், எடுத்தேன். ரொட்டியைப் பிட்டாள், பிட்டேன். அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன். அவள் தன் துரையோடு ஆடப் போய்விட்டாள். நான் நடுக்கூடத்தில் நின்றேன். அவரோ, சமையல்கட்டையும் பார்க்கணுமா, தாராளமாப் பாருங்க என்று என்னை அழைத்துப் போனார். அங்கே ஹைனான் சீனச் சமையல்காரர்கள் வரிசையாக நின்று சத்தமில்லாமல் வேலை செய்கிறார்கள். மேசை மேல் பனிக்கட்டியில் செதுக்கிய ஒரு அன்னப்பறவை. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தது. இந்த ஊர் வெயிலில், மச்சான், அது கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் துணிந்து பேச்சை எடுத்தேன். "நம்ம கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுங்க. அதை நல்ல இடமாப் பார்த்துச் சேத்துடணும்னுதான் என் கவலையெல்லாம்" என்றேன்.

"முதல் பக்கத்துலயே சேத்துடுங்க" என்றார். பிள்ளை வீட்டுப் பக்கம்தான் முதல் பக்கம் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். பத்திரிகை எப்போது வரும், வந்தால் எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாக அனுப்ப முடியுமா, எங்கள் பேர் பெரிய எழுத்தில் வருமா என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு பெரிய மனிதர் எழுத்தின் அளவுக்காக என்னிடம் கெஞ்சுகிறாரே என்று கூசிப்போய், உங்க பேரு இல்லாம எங்களுக்கு ஏதுங்க பத்திரிகை என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். கடைசியாக ஒரு பணியாரம் கொண்டுவந்தார்கள். கறுப்பாக, உருண்டையாக, மேலே நீல நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவன் சிரித்த முகமாக இருந்தான். பாவம், தன் கையில் நெருப்புப் பற்றியது அவனுக்கே தெரியவில்லை என்று நினைத்துப் பாய்ந்து தண்ணீர்க் கூஜாவைக் கவிழ்த்தேன். பணியாரம் அணைந்தது. பக்கத்துத் துரைசானியின் மடியும் நனைந்தது. கோட்டு முதுகில் மேலிருந்து கீழாகக் கிழிந்தது. பிடில்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி மட்டும் பதறாமல் துரைசானியைச் சமாதானம் செய்துவிட்டு, வேறொரு பணியாரம் வரவழைத்து, அதற்கும் நெருப்பு வைக்கச் சொல்லி, என் காதோரம் குனிந்து, "இதை மட்டும் எழுதிடாதீங்கய்யா" என்றார். நான் எழுதுவேனா? வழியனுப்பும்போது அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரின் பெயர் தெரியாது என்று எப்படிக் காட்டிக்கொள்வது?

மச்சான், எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அந்த இடம் சொர்க்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் சொர்க்கத்தில் நம் பெண் எந்தக் கரண்டியை எடுப்பாள்? தினமும் நெருப்போடு பணியாரம் சாப்பிடுகிற வீட்டுக்கு நான் என்ன சீர் கொண்டு போவேன்? இடம் பெரிது, நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடப் போகிறேன் என்று நேற்று வீட்டில் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த தனலெட்சுமி, புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தாள். அந்தப் பையனைத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் அவள் பார்த்திருக்கிறாளாம், நல்லம்மாள் பிறகு சொன்னாள். அதிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் லீவு போட்டு, ஃபெர்ரி ஏறி வந்து, அந்த மகானிடம் மரியாதை குறையாமல் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அக்காளுக்கு என் வணக்கமும் பிள்ளைகளின் தலைக்கு என் ஆசியும் சேர்க்கவும். தண்ணீர்மலையான் உங்கள் வீட்டு அடுப்பையும் உங்கள் ரயில்களையும் தவறாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
மு. அர்ஜுனன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கையில் பாலிக் புலாவ் பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கி நம் வாசலில் நின்றார். வேட்டி, குடை, கையில் ஒரு பை ஜாதிக்காய். வேலுவின் தகப்பனாராம். நான் பார்த்தது யாரை என்று கேட்காதீர்கள், எனக்கும் தலை சுற்றுகிறது. பெண் வீட்டார் டவுன்காரர்களாயிற்றே, டவுனுக்குத் தகுந்த மாதிரிச் செய்ய வேண்டுமென்று அந்த ஹோட்டலைச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை ஹோட்டல் கேட் வரைக்கும் வந்து, விளக்குகளைப் பார்த்ததும் கால் வராமல் வெளியிலேயே நின்றுவிட்டாராம். அவர் பக்கத்தில் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆள் ஒருவர், ஹோட்டலைப் பற்றி எழுத மானேஜர் விருந்துக்கு அழைத்திருக்கிறார் என்று சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். பத்திரிகைக்காரர் அப்போதே வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று காவல்காரர் அவரை விடவே இல்லையாம். கடைசியில் இருவருமாகச் சூலியா தெருவுக்குப் போய் மீன்குழம்பு சோறு சாப்பிட்டார்களாம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கீழே பாயில் உட்கார்ந்து, காப்பி ஆறுவது தெரியாமல், முள்ளில்லாத மீனையும் பனிக்கட்டி அன்னத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்து வைத்துவிட்டு, "நம்ம கல்யாணத்துல வாழையிலையே போட்டுடலாம், சம்பந்தி" என்றார். உள்ளே தனலெட்சுமி கையிலிருந்த முறம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை தாங்கள் அக்காளையும் கூட்டிக்கொண்டு வரவும்.