தொண்ணூற்றொன்பது மலையும் ஒரு பூட்ஸும்

கோல்மனின் இடது பூட்ஸைச் சேறு விழுங்கிவிட்டது. காலை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

"போனா என்ன? பாரம் குறைஞ்சுது!" என்று மூடுபனியைப் பார்த்து வெற்றி முழக்கமிட்டார். எதிலும் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

அயர்லாந்தின் மிக உயரமான நூறு மலைகளில் தொண்ணூற்றொன்பதை முடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், மலையேறும் சங்கத்தில் டிம்ஃப்னாவும் தொண்ணூற்றொன்பதை முடித்திருந்தாள். நூறாவது, மேயோ மாவட்டத்தில் உள்ள இந்த மலை. இதன் உச்சியில் முதலில் கால் வைப்பவர் பெயர்தான் சங்கக் கோப்பையில் ஏறும். பதினாறு வருடப் போட்டி.

ஆனால் உச்சி எது? மேலே வந்தால் மைதானம் மாதிரி ஒரே சதுப்பு. ஏறி வருகிறவர்கள் மேடாகத் தெரிவதையெல்லாம் மிதித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

பனி விலகியது. இருபதடி தள்ளி ஒரு மேட்டில் நின்று டிம்ஃப்னா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாய்யா! கோப்பையில என் பேரைப் பெரிசா எழுதச் சொல்லவா, சின்னதாப் போதுமா?"

"பூட்ஸை எடுத்துட்டு வந்து பேசறேன்!"

கைத்தடியை விட்டுத் துழாவினார். தடி போயிற்று. தடியைப் பிடிக்கக் குனிந்தார். முழங்கால் போயிற்று. எகிறிக் குதித்தார். இடுப்பு வரை இறங்கிவிட்டார். கைக்குத் தட்டுப்பட்ட ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டார்.

"டிம்ஃப்னா, தூக்கி விடேன்!"

"இரு, போட்டோ எடுத்துக்கறேன். பின்னாடி நீயும் தெரியணும்."

"விழலையே, நிக்கிறேன்ல? இதுவும் ஜெயம்தான்!" என்றார். பதினாறு வருடமும் சேற்றோடு போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது.

ஆடு தேடி வந்த ஜார்லத், நாயும் கயிறுமாக ஓடி வந்தான். அடிவாரத்துப் பண்ணைக்காரன்.

"ஜார்லத், நீதான் சாட்சி! உச்சியில யாரு நிக்கிறா, சொல்லு!" என்றாள் டிம்ஃப்னா.

"அக்கா, அது வேலி போட நான் வெட்டிக் கொட்டின மண்ணு."

டிம்ஃப்னாவின் டீ சிந்தியது. ஜார்லத் கயிற்றை வீசிவிட்டுப் பதறினான்.

"ஐயா, மெதுவா! அந்தக் கட்டையப் புடுங்கிடாதீங்க. மலைய அளந்தவங்க போன மாசம், 'இதுதான் உச்சி'ன்னு அடிச்சுட்டுப் போனது அது!"