பொறு மாஸ்டரும் மூன்றாவது டிஸ்க்கும்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருக்கிற ஊர்கள் அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், கணினியின் மவுஸைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் பொறு மாஸ்டர்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. நாவற்குடாவில் பிரதான வீதியோரம் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு சின்னக் கேள்வி கேட்டால் முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்வார் என்பதால் ‘மாஸ்டர்’ ஒட்டிக்கொண்டது. ‘பொறு’ எப்படி வந்தது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் அது. சோறு பரிமாறுகிறவரிடமும் ‘பொறு’, சிவப்பு விளக்கில் நிற்கும் வாகனத்திடமும் ‘பொறு’.

கணினிப் பயிற்சி முடித்த சூட்டோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கதிரையில் அமர்ந்ததும் வலது கை தானாக மேசையில் தடவியது. மேசையில் ஒன்றுமில்லை.

“என்ன தேடுற, புள்ள?”

“மவுஸ், மாஸ்டர்.”

கடைக்குள் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல முகத்தைச் சுளித்தார். “உனக்குப் பத்து விரல் இரிக்கில்ல? அதுக்குப் பிறகும் என்னத்துக்கு அந்தச் சாமான்? மவுஸில கை வழுக்கினா கதை முடிஞ்சுது. எழுத்தெழுத்தா அடிக்கக்குள்ளதான் என்ன செய்யப்போறம் எண்டு மண்டைக்குள்ள ஏறும்.”

வாடிக்கையாளர்கள் செருப்பை வாசலில் கழற்றுவதுபோல மவுஸையும் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். மடிக்கணினியோடு வந்த ஒருவர் மறந்துபோய் அதைச் சட்டைப் பையில் வைத்தபடி உள்ளே வந்துவிட்டார். வால் வெளியே தொங்கியது. மாஸ்டர் அவரை வாசல்வரை அழைத்துச் சென்று கழற்ற வைத்துவிட்டுத்தான் சுகம் விசாரித்தார்.

கடையின் திரைகள் எல்லாம் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் ஓடும். படம் இல்லை, பொத்தான் இல்லை. அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் கணினியை எடுத்துப்போக வந்தவர், திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“மாஸ்டர், மெசின் செத்துப்போச்சா?”

“இப்பதான் உயிரோட இரிக்கு. வண்ணப் படமெல்லாம் காட்டிக்கொண்டு நிண்டதே, அப்பதான் அது மயக்கத்தில இருந்தது.”

மாஸ்டரின் தனித்துறை டிஸ்க். ஒரு டிஸ்க்கை அறை அறையாகப் பிரிப்பது, நிறைந்த அறையைப் பெருப்பிப்பது, சும்மா கிடக்கிற அறையைச் சுருக்குவது, ஒரு முழு டிஸ்க்கை எழுத்துப் பிசகாமல் இன்னொன்றில் நகல் எடுப்பது. இதையெல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே செய்வார். செய்வதற்கு முன் நடக்கும் சடங்குதான் பெரிது.

முதலில் எந்தெந்த டிஸ்க் பூட்டியிருக்கிறது, கணினி எதற்கு எஸ்டிபி, எதற்கு எஸ்டிசி என்று பெயர் வைத்திருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். ‘ஆள் எண்ணுறது’ என்பார். பிறகு நான் கட்டளையைத் தட்ட வேண்டும், என்டரைத் தொடக்கூடாது. எழுந்து நின்று கட்டளையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். நகல் எடுக்கும் வேலை என்றால் கேள்வி வேறு வரும்.

“எது குடுக்கிற டிஸ்க்?”

“எஸ்டிபி, மாஸ்டர்.”

“எது வாங்குற டிஸ்க்?”

“எஸ்டிசி.”

“மாறிப்போச்செண்டா?”

“வெறும் டிஸ்க் போய் நிறைஞ்ச டிஸ்க்குக்கு மேல ஏறும், மாஸ்டர்.”

“ஏறினா?”

“நாம ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.”

“பொறு.”

இந்தப் ‘பொறு’வுக்குப் பிறகு அவர் பிளேன்டீ குடிக்கப் போவார். வந்து, முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். இரண்டாம் முறையும் சரியாக இருந்தால்தான் என்டருக்கு உத்தரவு கிடைக்கும். ஐந்து நிமிட வேலைக்கு அரை நாள் எடுத்தார் என்று ஊரே திட்டியது. ஆனாலும் ஊரே அவரிடம்தான் வந்தது.

அவருடைய புகழ் உச்சிக்கு ஏறியது தன்னாமுனையில் நடந்த ஒரு திருமணத்தில். மணமகளின் தகப்பன் அவருடைய சிநேகிதர். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தேவாலயத்தில் கடைசிக்கு முந்திய வாங்கில் அமர்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, களுவாஞ்சிகுடியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் எழுதுவினைஞர் அவருக்கு அழைப்பு எடுத்தார். அந்த மனிதர் தானே துணிந்து டிஸ்க்கின் ஓர் அறையைச் சுருக்கத் தொடங்கியிருந்தார். மாஸ்டர் குனிந்து, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குசுகுசுத்தார்.

“உள்ளுக்க இரிக்கிற சாமானை முதல்ல ஒதுக்கினீங்களா? பைல் சிஸ்டத்தச் சுருக்கிப்போட்டுத்தான் சுவரை நகத்தலாம். பெருப்பிக்கக்குள்ள மட்டும்தான் சுவர் முதல்ல.”

எழுதுவினைஞர் ஒதுக்கவில்லை. நேராகச் சுவரில் கை வைத்துவிட்டார். ‘இப்படிச் சுருக்கினால் தரவு அழியலாம், நிச்சயமாகத் தொடரவா, யெஸ்ஸா நோவா’ என்று கணினி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதே கணத்தில் முன்னால் பாதிரியார் மணமகளிடம், “இவரை உமது கணவராக ஏற்றுக்கொள்ள முழுமனதோடு சம்மதிக்கிறீரா?” என்று கேட்டார். கோயில் முழுக்க அமைதி.

“பொறு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. “யெஸ் குடுக்காத! நோ சொல்லு! உள்ளுக்க இரிக்கிறதெல்லாம் நாசமாப் போயிடும்!”

முந்நூறு தலைகள் திரும்பின. மாப்பிள்ளையின் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். மாப்பிள்ளை வியர்த்தார். மணமகள் மட்டும் மாப்பிள்ளையை மேலும் கீழும் ஒருமுறை புதிதாகப் பார்த்தார்.

மாஸ்டர் எழுந்து நின்று தொலைபேசியை உயர்த்திக் காட்டி, “மன்னிக்க வேணும் பாதர், இது களுவாஞ்சிகுடி டிஸ்க்” என்றார். அது யாருக்கும் விளங்கவில்லை. நல்ல வேளையாக மணமகள் சம்மதம் சொன்னார். விருந்தில் இவருக்குச் சோறு கிடைக்குமா என்ற பயத்தோடு நான் போனேன். ஆனால் பாதிரியார் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களருகே அமர்ந்தார். “மாஸ்டர், என்ட லப்டொப்பும் நிறைஞ்சு கிடக்கு. அந்தச் சுவர் விசயத்தை இன்னொருக்காச் சொல்லுங்க.” மாஸ்டர் முக்கால் மணி நேரம் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரின் கடையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஓட்டமாவடியிலிருந்து ஹசீனா டீச்சர் வந்திருந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். நம்முடைய பிரதேசத்துப் பிள்ளைகள் கையால் பேசும் சொற்களை ஒவ்வொன்றாக வீடியோ எடுத்து, ஓர் அகராதியே செய்துகொண்டிருந்தார். நான்கு வருட உழைப்பு. டிஸ்க் நிறைந்துவிட்டதால், அதைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றித் தரச் சொன்னார். வேறு பிரதி இல்லை. அவரோடு ரிஃப்கா, வசந்தி என்று இரண்டு இளம் பெண்களும் வந்திருந்தார்கள். அந்த வீடியோக்களில் கையசைத்துப் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

டீச்சரின் டிஸ்க், வாங்கி வந்த புது டிஸ்க், கணினியின் சொந்த டிஸ்க் என மூன்று. காலையிலேயே ஆள் எண்ணி, புதியது எஸ்டிபி என்று எழுதி வைத்தோம். மாஸ்டர் சாப்பிடப் போனார். அந்த இடைவெளியில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. கணினி திரும்ப எழும்பியது. டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் வருவதற்குள் புது டிஸ்க்கைத் தயார் செய்து வைத்தால் பாராட்டுவார் என்று நினைத்தேன். ஆள் எண்ணவில்லை. சத்தமாக வாசிக்கவில்லை. அறைகளின் எல்லையைக் குறிக்கும் பிரிவு அட்டவணையை எஸ்டிபியில் புதிதாகப் போடச் சொல்லித் தட்டினேன். யெஸ் கேட்டது. கொடுத்தேன்.

அடுத்து வந்த கொள்ளளவைப் பார்த்தபோதுதான் விளங்கியது. புது டிஸ்க்கின் அளவில் பாதிதான் காட்டியது. கணினி மறுபடி எழும்பும்போது டிஸ்க்குகளின் பெயர்கள் இடம் மாறியிருந்தன. நான் துடைத்தது டீச்சரின் டிஸ்க்கை.

மாஸ்டர் பல்லுக் குத்திக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ‘பொறு’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

“போர்மட் பண்ணினியா?”

“இல்ல, மாஸ்டர்.”

“வேற ஏதும் எழுதினியா?”

“இல்ல.” அழத் தொடங்கிவிட்டேன்.

“அப்ப அழாத, புள்ள. வேலியத்தான் பிடுங்கியிரிக்கிறாய். வீடு அப்பிடியே நிக்கிது. வேலி எங்க நிண்டதெண்டு கண்டுபிடிச்சாச் சரி.”

பிறகு டீச்சரிடம் திரும்பினார். “டீச்சர், என்ட கையால ஒரு பிழை நடந்துபோச்சு. உங்கட டிஸ்க்கில இப்ப ஒண்டும் தெரியாது. எடுத்துத் தருவன் எண்டுதான் நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது.”

“அல்லாஹ்வே” என்றார் டீச்சர். மாஸ்டர் ‘என்ட கையால’ என்றது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் வாய் திறந்தேன். மாஸ்டர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

பழுதான டிஸ்க்கில் அவர் கை வைக்கவில்லை. முதலில் அதை அப்படியே புது டிஸ்க்கில் நகல் எடுத்தார். தேடுதல் எல்லாம் நகலில்தான். நகல் எடுக்க மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. பஸ் போய்விட்டது. ரிஃப்காவும் வசந்தியும் கடையின் இரு மூலைகளில் இருந்தபடி கையால் மும்முரமாகப் பேசினார்கள். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், என்ன கதைக்கிறாங்க?”

“உங்களப் பத்தித்தான், மாஸ்டர். இந்த ஐயா ஏன் திரையப் பாத்துத் தனியாக் கதைக்காரு, அது காது கேளாத மெசினா எண்டு கேக்காங்க.”

மாஸ்டர் வெட்கப்பட்டதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

நகல் முடிந்ததும், பழைய பிரிவின் தொடக்கத்தைத் தேடும் நிரலை ஓட விட்டார். எண்கள் ஊர்ந்தன. நால்வரும் அவருக்குப் பின்னால் நின்றோம். பிரிவு ஒன்று கிடைத்தது. தொடக்கம், முடிவு, எல்லாம் பொருந்தின. அதே இடத்தில் அட்டவணையை எழுதக் கட்டளை தட்டினார். சத்தமாக வாசித்தார். பிறகு வசந்தியைக் கூப்பிட்டு என்டரைக் காட்டினார். வசந்தி தட்டினாள்.

கோப்புகளின் பெயர்கள் கறுப்புத் திரையில் கொட்டின. பக்கத்துக் கணினியில் முதல் வீடியோவைத் திறந்தோம். திரையில் வசந்தி நின்று, கையை வளைத்து வளைத்து ‘மீன்’ என்றாள்.

ரிஃப்காவும் வசந்தியும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். டீச்சரும் அழுதுகொண்டே உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். மாஸ்டர் கதிரையில் ஏறி நின்று உயர்த்தினார்.

எதிரே ஓட்டோ தரிப்பிடத்தில் நின்ற சாரதி, கடைக்குள் ஐந்து பேர் சத்தமில்லாமல் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து கண்டார். வாகனம் தூக்கும் ஜக் கம்பியோடு பாய்ந்து வந்தார்.

“மாஸ்டர்! எங்க கள்ளன்? ஆரு துவக்கு வைச்சிரிக்கிற?”

“பொறு!” என்று கதிரையிலிருந்து கத்தினார் மாஸ்டர். “கம்பிய வைச்சிட்டுக் கையத் தூக்கு!”

சாரதி உண்மையாகவே கம்பியைப் போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினார். ரிஃப்கா சிரித்துச் சிரித்துத் தரையில் அமர்ந்துவிட்டாள். பிறகு புது டிஸ்க்கில் அந்த அறையை முழு அகலத்துக்கும் பெருப்பித்துக் கொடுத்தோம். முதலில் சுவர், பிறகு உள்ளே. பஸ் போய்விட்டதால், கம்பியோடு பாய்ந்த குற்றத்துக்குத் தண்டனையாக ஓட்டோக்காரரே மூவரையும் ஓட்டமாவடிவரை கொண்டுபோய் விட்டார்.

அடுத்த நாள் காலை, வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனேன். மாஸ்டர் வாசித்தார்.

“விசர்க் கதை கதைக்காத. நான் இதை மூண்டு தரம் செய்திரிக்கிறன். முதல்ல அழிச்சது என்ட கலியாண வீடியோ. அது கமராக்காரன்ட பிழை எண்டுதான் மனிசி இண்டைக்கும் நம்புறா. நீ சொல்லிப்போடாத.”

இவ்வளவு காலம் சொல்லவில்லை. அவர் மனைவி, எங்கள் அன்ரி, இந்த வாரம் பத்திரிகை வாங்கமாட்டார் என்ற நம்பிக்கையில் இப்போது எழுதிவிட்டேன்.

மாஸ்டர் இப்போது கட்டாரில் மகளோடு இருக்கிறார். கடையை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைப்பு எடுப்பார். சுகமா என்று கேட்கமாட்டார். “இந்தக் கிழமை பேக்கப் எடுத்தியா?” என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு வியாழனும் நான் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் வைத்துவிடுகிறேன். ஆனாலும், “மறந்துபோச்சு, மாஸ்டர்” என்பேன்.

அரை மணி நேரம் ஏசுவார். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, பிளேன்டீயோடு கேட்டுக்கொண்டிருப்பேன். எடுத்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னால், ‘சரி புள்ள’ என்று வைத்துவிடுவாரே.