பெட்டி பக்தர்

பெட்டி பக்தர் என்றோர் இனம் உண்டு. நானும் அந்த இனம்தான். ஆகவே கூசாமல் திட்டலாம்.

டிவிக்குக் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்திருப்பார். விற்றார்கள், வாங்கினார், உறவு அத்தோடு முடிய வேண்டாமா? முடியாது. ஜோசியரைக் கண்டால் சீறுவார், சாமியார் காலில் விழுபவனை மூடன் என்பார். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறைப் பெட்டியை அறிவிக்கும் மேடையில், கம்பெனித் தலைவர் கைகளை விரித்து, "இம்முறை எல்லா வெளிக் கம்பெனிகளும் நம் பெட்டிக்கு விளையாட்டுகள் செய்யப்போகின்றன" என்று முழங்கி, அவற்றின் சின்னங்களைத் திரை நிறையக் காட்டியதும், படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண் கலங்குவார். போன தலைமுறையிலும் இதே திரைதான். அதற்கு முந்தையதிலும். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனிகள் எல்லாம் நழுவிவிட்டன. ஏனாம்? பக்தர் சொல்வார்:

"சோம்பேறிப் பசங்க. நம்ம பெட்டியோட அருமை தெரியல."

இம்முறை அந்தத் திரையின் மூலையில் என் தங்கை வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியின் சின்னமும் இருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் படத்தை அனுப்பினேன். புதுப் பெட்டியின் உள்ளமைப்பையே மாற்றிவிட்டதால், பழைய பெட்டிக்கு எழுதிய எதுவும் அதில் ஓடவில்லை; தங்கையின் குழு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதியது. விளையாட்டு வெளிவந்து சில வாரங்களில் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"விக்கலண்ணா. இந்தப் பெட்டியே இனி வேண்டாம்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. எங்க குழுவைக் கலைக்கிறாங்க."

"இப்படித்தான் எல்லாரும் ஓடுறீங்க! எங்க பெட்டிக்குக் கொஞ்சம் டைம் குடுக்க மாட்டீங்களா?"

"எங்க பெட்டியா? உனக்கு அதுல பங்கு குடுத்திருக்காங்களா?"

ரிமோட்டைப் பிடுங்கி, நான் வாங்கிய விளையாட்டுகளை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் பெட்டிக் கம்பெனியே செஞ்சது. என்னோடது எங்கே?"

"அது மத்த கம்பெனிப் பெட்டியில போன வருஷமே வந்துடுச்சு. நமக்கு மட்டும் லேட்டா தர்றத வாங்கினா நம்மள இளக்காரமா நினைப்பாங்க இல்ல? அதான் நம்ம பெட்டி ரசிகர் குரூப்ல யாரும் வாங்காதீங்கன்னு…"

"வாங்காதீங்கன்னு?"

"எழுதினேன்."

"கேட்டாங்களா?"

"எல்லாருமே!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் ரிமோட்டை மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். இப்போது வேலை தேடுகிறாள். உழைப்பவர்களுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியப் பேசுகிற நான், உழைத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தபோது, பெட்டி விற்றவருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் இலவசமாக.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் இந்தப் பெட்டி இல்லையா? நல்லது. உங்கள் போனையோ, பைக்கையோ, கட்சியையோ யாராவது குறை சொல்லட்டும். நீங்கள் வாய் திறந்ததும் வரும் முதல் சொல் "எங்க" என்றால், உள்ளே வாருங்கள். நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.