ஓக் மரத்தடியில் இல்லாத விஷம்

அக்டோபர் பிறந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருஷம் என் ஓக் மரத்தடியில் என்னையும் என் நாயையும் தவிர ஒரு ஈ காக்கை அண்டக் கூடாது.

அந்த மரத்தடியில் வெள்ளை டிரஃபிள் விளைகிறது. மண்ணுக்குள் ஒளிந்து வளரும் காளான்; நாய் மோப்பம் பிடித்துக் காட்டினால்தான் கிடைக்கும், தங்க விலைக்குப் போகும். பார்த்தால் அழுகிய உருளைக்கிழங்கு. மோந்தால் ஆளே மயங்கிவிடுவான். எங்கள் இஸ்த்ரியாவில் ஒருவனிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், 'உன் பையன் ஏன் தபால்காரர் ஜாடையில் இருக்கிறான்?' என்றுகூடக் கேட்கலாம். 'டிரஃபிள் எங்கே எடுத்தாய்?' என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் பாவமன்னிப்புக் கூண்டில் எவ்வளவோ பாவங்களைக் கொட்டியிருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் சொன்னதில்லை. பாதிரியாரிடமும் ஒரு நாய் இருக்கிறது.

மனைவி நெவியாவிடமும் சொன்னதில்லை. அவள் நல்லவள்தான். ஆனால் அவளுக்கு ஜோர்தானோ என்றொரு அண்ணன். அவன் மூக்கு அவன் நாயின் மூக்கைவிடக் கூர்மை, அதுவும் அடுத்தவன் சொத்து என்றால். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி கூவும் முன்பே என் நாய் பிபாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, பழைய மாவு மில்லைச் சுற்றி, யாராவது பின்னால் வந்தால் அவனுக்குத் தலை சுற்றும்படி நடந்து, ஓடையில் இறங்கி ஏறித்தான் மரத்தடிக்குப் போவேன்.

மற்ற நாளெல்லாம் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிபா வீட்டில் நெவியாவுக்குத் துணை. நெவியா கோழி வளர்க்கிறாள். கோழி என்றால் சாதாரணக் கோழியா? முட்டை விற்ற காசிலேயே சலவை இயந்திரம் வந்தது, கூரைக்குப் புது ஓடு வந்தது. அந்தக் கோழிகளைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஓடைக் கரையில் ஒரு பூட்ஸ் தடத்தைப் பார்த்தேன். ஜோர்தானோவின் பூட்ஸ்.

அன்றே ஒரு பலகை செய்தேன். சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்: 'எச்சரிக்கை! விஷ இறைச்சி போடப்பட்டுள்ளது. நாயோடு வராதீர்.' கொண்டுபோய் ஓடைப் பாதையில் நட்டேன். எங்கள் பக்கத்தில் டிரஃபிள்காரனுக்குச் சாவைக் கண்டுகூடப் பயமில்லை. விஷ இறைச்சி என்றால் மட்டும் குலை நடுங்கும். போட்டிக்காரன் நாய்க்கு விஷம் வைக்கிற கயவாளிகள் நிஜமாகவே உண்டு. நல்ல நாய் செத்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

பலகையோடு விட்டேனா? சாராயக் கடைக்குப் போய், பலகையை வேறு யாரோ வைத்த மாதிரிப் பிரசங்கமும் செய்தேன்.

"இறைச்சி மட்டும்னு நினைச்சீங்களா? எலி மருந்து இருக்கு. நத்தை மருந்து இருக்கு. நாய் மோந்தாலே நாக்கு வீங்குற கம்பளிப்பூச்சி இருக்கு. ஒரு செடி இருக்கு, அதை நாய் தின்னா நாய் காலி. அந்த நாய் நக்கின எஜமானும் காலி!"

"எஜமான் பொண்டாட்டி?" என்று ஒருத்தன் கேட்டான்.

"எஜமான் யாருக்கு முத்தம் குடுக்குறான்கிறதைப் பொறுத்தது."

ஜோர்தானோ வாயில் வைத்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடித் தன் நாயைக் கட்டிப் போட்டான். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பூட்ஸ் மாட்டி, மண்வெட்டியை எடுத்து, மெதுவாக விசிலடித்தேன். பிபா வரவில்லை. நெவியா வந்தாள். பிபாவின் கயிறு அவள் கையில்.

"எங்க கிளம்பிட்டே, லிவியோ?"

"சும்மா, ஓடைப் பக்கம்."

"அங்கதான் விஷம்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சியே?"

"நான் ஜாக்கிரதையாப் போவேன்."

"நீ போ. நல்லாப் போ. பிபா வரமாட்டா."

"நாயில்லாம நான் போய் என்னடி பண்ணுறது?"

"அதை விஷம் வச்சவனைக் கேளு. அவன் யாருன்னு தெரிஞ்சா ஊரே சேர்ந்து ஓடையில முக்கப் போகுது."

"ஒருவேளை... விஷமே இல்லாம, வெறும் போர்டு மட்டும் எவனாச்சும் வச்சிருந்தா?"

"அப்ப ரெண்டு தடவை முக்குவாங்க."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? தனியாகவே போனேன். நாய் செய்வதை மனுஷன் செய்ய முடியாதா என்று ஒரு ரோஷம். மரத்தடியில் மண்டியிட்டு, மூக்கைத் தரையில் வைத்து ஊர்ந்தேன். ஈர இலை மணத்தது. மண் மணத்தது. ஒரு நரி விட்டுப்போன சமாச்சாரமும் மணத்தது. டிரஃபிள் மட்டும் மணக்கவில்லை.

அப்போது பாதையில் காலடிச் சத்தம். ஜோர்தானோ! என்னை இங்கே பார்த்தால் கதை முடிந்தது. யோசிக்க நேரமில்லை. பின்பக்கமாகவே ஒரு புதருக்குள் பாய்ந்து உட்கார்ந்தேன்.

காஞ்சொறிப் புதர்.

ஆள் உயரக் காஞ்சொறி. மண்டியிட்டு ஊர்ந்ததில் என் கால்சட்டை எவ்வளவு இறங்கியிருந்தது என்பதை உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கத்தவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. வாயைக் கையால் பொத்தினேன். அந்தக் கையிலும் காஞ்சொறி.

ஜோர்தானோ நாயில்லாமல் வந்திருந்தான். பலகையை நிதானமாகப் படித்தான். தலையை ஆட்டினான். என் புதருக்கு நேரே வந்து நின்று, பொத்தான்களை அவிழ்த்து, ஒரு பாட்டு முடியும்வரை நீர் பாய்ச்சினான். "லிவியோ புத்திசாலி. நல்லவேளை சொன்னான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். என்னை ஜோர்தானோ பாராட்டியது அதுதான் முதல் தடவை. அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. நெவியா கதவைத் திறந்தாள். என் உதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ! விஷம்!" என்று அலறினாள்.

"காஞ்சொறி" என்றேன். வீங்கிய வாயில் அது வேறு என்னவோ மாதிரி வந்தது.

"பேச்சுக் குழறுது! ஓரியெட்டா! ஓரியெட்டா!"

டாக்டர் ஓரியெட்டா அடுத்த வீடு. நெவியாவின் உயிர்த்தோழி. கால்நடை மருத்துவர்.

"மனுஷ டாக்டரைக் கூப்பிடு!" என்று கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கிழமை மனுஷ டாக்டர் வரமாட்டார். மாட்டு டாக்டர்தான் வருவாங்க."

ஓரியெட்டா வந்தாள். என் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தாள். ஈறைத் தூக்கிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் காதையும் பார்த்தாள்.

"எடை எவ்வளவு இருப்பார்?"

"ரெண்டு பன்றி இருக்கும்" என்றாள் நெவியா.

"முதல்ல வாந்தி எடுக்க வைக்கணும். அப்புறம் கரித்தூளைக் கரைச்சு ஊத்தணும். அப்புறம் ஊசி." பையைத் திறந்தாள். அந்த ஊசியை வைத்து ஸ்வெட்டர் பின்னலாம்.

"டாக்டர், இது வெறும் காஞ்சொறி! சத்தியமா!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைப்பாங்க. எந்த இடத்துல பட்டுச்சு?"

சொல்லக்கூடிய இடங்களைச் சொன்னேன்.

"உடம்புல இல்ல. காட்டுல! ஆத்தங்கரைன்னா எலி மருந்து, அதுக்கு ஒரு ஊசி. திராட்சைத் தோட்டம்னா நத்தை மருந்து, அதுக்கு வேற ஊசி. இடம் சரியாத் தெரியலேன்னா ரெண்டையும் போட்டுட வேண்டியதுதான்."

"எங்க... எங்க போடுவீங்க?"

"மாட்டுக்கு எங்க போடுவேனோ அங்கதான்."

அங்கேதான் காஞ்சொறி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நெவியா என் தோளை அமுக்கிப் பிடித்தாள். ஓரியெட்டா ஊசியில் மருந்தை ஏற்றி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு துளிர்த்து விழுந்தது.

நான் உடைந்துபோனேன்.

"விஷமே இல்ல! போர்டை நான்தான் வச்சேன்! ஓடையைத் தாண்டி, சாய்ஞ்ச பாப்ளர் மரத்துக்கு இடது பக்கம், இடி விழுந்த ஓக் மரம்! அதான் என் இடம்! பின்னால காஞ்சொறிப் புதர்! அவ்வளவுதான்! போதுமா?"

ஓரியெட்டா நெவியாவைப் பார்த்தாள். நெவியா ஓரியெட்டாவைப் பார்த்தாள். ஓரியெட்டா ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கப் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றிய ரகசியம். அப்பா சாகும்போது என் காதில் சொல்லிவிட்டுப் போன இடம். ஒரு ஊசிக்குப் பயந்து கொட்டிவிட்டேன். குப்புறப் படுத்துக்கொண்டு விசும்பினேன். நெவியா வினிகரில் துணியை நனைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெவியா, ஒரே ஒரு சத்தியம் பண்ணு. உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

"எதை?"

"அந்த இடத்தை."

"அந்த இடமா? சொல்லணும்னா எப்பவோ சொல்லியிருப்பேனே. நீ பஸ்ஸைக் கிளப்பின உடனே பிபா என்னை நேரா அங்கதானே இழுத்துட்டுப் போறா!"

எரிச்சல் சட்டென்று நின்றுவிட்டது. உடம்பு முழுக்க மரத்துப்போனது.

"தினமுமா?"

"மழை நாள்ல போறதில்ல."

"அப்ப... ஞாயித்துக்கிழமை நான் எடுத்துட்டு வர்றதெல்லாம்?"

நெவியா ஈரத் துணியை வைக்க வேண்டிய இடத்தில் இதமாக வைத்தாள்.

"அது, வெறுங்கையோட வந்தா பொழுதன்னிக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியேன்னு, சின்னச் சின்னதாப் பார்த்து நான் விட்டு வைக்கிறது."